சிம் ரவுட்டர் இணையம்: வெள்ளைப் பெட்டியா, கறுப்புப் பெட்டியா?

ஃபைபர் வந்து சேராத வீடு, அல்லது வந்தும் வாரத்துக்கு இரண்டு முறை அறுந்துபோகிற வீடு. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் இருப்பவர்கள்தான் சிம் போட்ட ரவுட்டர் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். என் தெருவில் இரண்டு நிறுவனங்கள் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு விளம்பரத்தையும் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எது எதென்று சொல்ல முடியாது. இரண்டிலும் 5ஜி வேகம், இரண்டிலும் சொருகினால் போதும், இரண்டிலும் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். படித்துத் தெரிந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை என்று இரண்டையும் வாங்கி, சோதனைக் காலம் முடிகிற வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். ஒன்று வெள்ளைப் பெட்டி, இன்னொன்று கறுப்புப் பெட்டி. நிறுவனப் பெயர் வேண்டாம், இப்படியே சொல்கிறேன். என் வீட்டில் தோற்றது உங்கள் வீட்டில் ஜெயிக்கலாம், அது ஏன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு வேகத்தைச் சோதித்தபோது வெள்ளை 380 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) காட்டியது, கறுப்பு 110. அன்றே கறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அதன் அட்டைப்பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். அன்று இரவு ஒன்பதரை மணிக்கு மறுபடி பார்த்தால் வெள்ளை 22, கறுப்பு 74. அட்டைப்பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்தேன்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பெட்டியில் இல்லை. ஃபைபரும் பகிர்ந்துகொள்கிற சமாச்சாரம்தான், ஆனால் இந்தப் பெட்டிகள் சிக்னல் எடுக்கும் செல்போன் டவர் அளவுக்கு இல்லை. டவரின் ஒரு பக்கத்து ஆன்டெனா, அதாவது ஒரு செக்டர், அந்தத் திசையில் இருக்கும் எல்லாப் போனுக்கும் எல்லா வீட்டு ரவுட்டருக்கும் சேர்த்து ஒரே குழாய். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படம் போடும் நேரத்தில் அந்தக் குழாயில் எத்தனை பேர் வாய் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் வேகம். ஆகவே நீங்கள் ஒப்பிடுவது இரண்டு நிறுவனங்களை அல்ல, உங்கள் வீட்டைப் பார்த்து நிற்கும் இரண்டு செக்டர்களை. நாடு முழுக்க யார் வேகம் அதிகம் என்று வரும் பட்டியல்கள் இந்த விஷயத்தில் அநேகமாக எதற்கும் உதவாது.

அடுத்து, எந்த அலைவரிசை. 5ஜி என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு வேறு பிராணிகள் இருக்கின்றன. 600, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை ரொம்ப தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும், ஆனால் வேகம் நல்ல 4ஜியைவிடப் பெரிதாக இருக்காது. 2.5 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான நடுத்தர அலைவரிசைதான் வீட்டு இணையத்துக்குச் சரியான இடம். தூரமும் ஓரளவு போகும், நிறைய டேட்டா ஓடுகிற அகலமும் இருக்கும். 26, 28, 39 கிகாஹெர்ட்ஸ் என்கிற மில்லிமீட்டர் அலை கண் கூசும் வேகம் தரும், ஆனால் சுவர், பூச்சு பூசிய கண்ணாடி, ஜன்னலுக்கு வெளியே இலை அடர்ந்த ஒரு மரம், எது குறுக்கே வந்தாலும் படுத்துவிடும். அதற்குப் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, டவரை நேராகப் பார்த்தபடி ஒரு ஆன்டெனா மாட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் இது கண்ணுக்கு நேராகவே நடந்தது. வெரைசன் என்ற செல்போன் நிறுவனம் 2018 அக்டோபரில் நான்கு நகரங்களில் வீட்டு 5ஜி தொடங்கியபோது மில்லிமீட்டர் அலையை நம்பித் தொடங்கியது. கிடைத்தவர்களுக்கு அமோகமான வேகம், ஆனால் தெருவுக்குத் தெரு கிடைப்பதும் கிடைக்காததுமாக இருந்தது. அதன் போட்டி நிறுவனமான டி-மொபைல் 2021 ஏப்ரலில் நாடு தழுவிய அளவில் இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பிரின்ட் என்ற நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டதில் கைக்கு வந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதற்குப் பெரிய பலம். வெரைசனும் 2022 ஜனவரியில் நடுத்தர அலைவரிசையான சி-பேண்டைத் திறந்த பிறகுதான் பரவலாக வீடுகளுக்குள் நுழைய முடிந்தது. கடையில் இருப்பவரிடம் 5ஜியா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும், அது எல்லோருக்கும் ஆமாம்தான். எந்த பேண்ட், அதாவது எந்த அலைவரிசை என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டாலும் பெட்டிக்குத் தெரியும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலோ அதன் செயலியிலோ என்41, என்77, என்78 என்று ஏதாவது இருந்தால் நடுத்தரம், என்28, என்71 என்றால் தாழ்ந்தது, என்257, 258, 260 என்றால் மில்லிமீட்டர்.

என் வெள்ளைப் பெட்டி என்78இல் இருந்தது. கறுப்பும் அதே என்78 தான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று மண்டையைக் குடைந்தபோதுதான் சிக்னல் எண்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இதில் இரண்டே இரண்டு எண் போதும், மற்றதை விட்டுவிடலாம். ஒன்று ஆர்எஸ்ஆர்பி, டவர் சத்தம் உங்கள் காதுக்கு எவ்வளவு பலமாக விழுகிறது என்பது. மைனஸ் 80க்குப் பக்கம் என்றால் பிரமாதம், மைனஸ் 95 என்றால் நன்றாக ஓடும், மைனஸ் 110க்குக் கீழே போனால் தள்ளாட்டம்தான். இது மடக்கைக் கணக்கு, ஆகவே பத்து எண் குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும். இரண்டாவது சினர், சுற்றியிருக்கும் இரைச்சலுக்கு மேலே அந்தச் சத்தம் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. 20க்கு மேல் அருமை, 10க்குப் பக்கம் பரவாயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிக்னல் கோடு முழுசாக இருந்தாலும் வேகம் வராது. பெட்டியின் முகப்பில் எரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஐந்து கோடும் எரிய, ஒரு இணையப் பக்கம்கூடத் திறக்காமல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இரண்டு பெட்டியையும் ஹாலில் டிவி அலமாரியில் வைத்திருந்தேன், ஏனென்றால் அங்கேதான் பிளக் இருந்தது. கறுப்புக்கு ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 108, சினர் 4. அதை எக்ஸ்டென்ஷன் கம்பியோடு தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் வைத்து எண்ணைக் குறித்தேன். ஃபிரிட்ஜ் பக்கத்தில் மைனஸ் 115. படுக்கையறைக் கிழக்கு ஜன்னலில், திரைச்சீலையை ஒதுக்கி, ஒரு ஸ்டூல் மேல் வைத்தபோது மைனஸ் 93, சினர் 15. அதே ஜன்னலின் இடது ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளினேன், சினர் 18. ஒரு சாண்! அதற்குமேல் நகர்த்த மனசு வரவில்லை, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கும் இதே நடையை நடந்தேன், அதற்குச் சமையலறை ஜன்னல்தான் பிடித்தது, அதாவது அந்த நிறுவனத்தின் டவர் வேறு திசையில் இருக்கிறது. ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நல்ல இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். சிக்னல் நல்ல இடத்தில் பெட்டியை வைத்தபின் வீட்டின் மறுகோடிக்கு வைஃபை எட்டவில்லையென்றால் அது வேறு பிரச்சினை, வைஃபையை நீட்டித் தரும் ஒரு மெஷ் கருவியோ நீளமான லேன் கம்பியோ வாங்கித் தீர்த்துக்கொள்ளலாம். டவர் சிக்னல் மோசமாக இருந்தால் அதைத் தீர்க்க எந்தக் கருவியும் பெரிதாக உதவாது. வெளி ஆன்டெனா மாட்டும் துளை சில பெட்டிகளில் உண்டு, ஆனால் கம்பி நீளமானால் அதிலேயே பாதி சிக்னல் கரைந்துவிடும்.

இடம் சரியானபிறகு பத்து நாள் நோட்டில் எழுதினேன். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு ஒன்பதரை. வெள்ளை காலையில் 400ஐக்கூடத் தொட்டது, இரவில் 20 முதல் 45 வரை. கறுப்பு காலையில் 180, இரவில் 70 முதல் 95. யாராவது என்னிடம் எந்த நிறுவனம் வேகம் என்று காலையில் கேட்டால் ஒரு பதில், இரவில் கேட்டால் வேறு பதில். நான் வீட்டில் இருப்பது இரவில்தான்.

வேகத்தைவிட எனக்கு முடிவைச் சொன்னது பிங், அதாவது இங்கிருந்து அனுப்பியதற்குப் பதில் திரும்பி வர ஆகும் நேரம். சும்மா இருக்கும்போது இரண்டுக்கும் 35, 40 மில்லிசெகண்ட், வித்தியாசமே இல்லை. ஆனால் ஒருவர் பெரிய ஃபைலை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அல்லது போனிலிருந்து படங்கள் மேகக் கணக்குக்கு (கிளவுட்) ஏறிக்கொண்டிருக்கும்போது பிங் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. வெள்ளை 600ஐத் தாண்டியது. கறுப்பு 90, 100. வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் வாயைத் திறந்து ஒரு நொடி கழித்துச் சத்தம் வருவதும், நீங்கள் பேச ஆரம்பித்த பின் அவரும் பேச ஆரம்பித்து இருவரும் நிறுத்தி "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று மாறி மாறிச் சொல்வதும் இதனால்தான். கிளவுட்ஃபிளேரின் வேகச் சோதனையும் நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் தளமும் இந்தச் சுமைக்கால பிங்கைத் தனியாகக் காட்டும், ஃபாஸ்ட்டில் கூடுதல் விவரம் என்று இருப்பதை அமுக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தச் செயலியில் மட்டும் சோதிக்காதீர்கள். அவர்கள் சர்வர் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், அதில் வேகம் நன்றாக வருவது இயல்புதானே.

அப்லோடைப் பற்றி ஒரு வார்த்தை. நடுத்தர அலைவரிசையில் ஒரே அலையை நேரம் பிரித்து இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள், பெரும்பங்கு இறக்கத்துக்கே போகிறது. ஆகவே 300 இறங்கும் இடத்தில் 20 ஏறினால் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அப்படித்தான். தினமும் பெரிய வீடியோக்களை ஏற்றுவது உங்கள் தொழிலென்றால் இரண்டு பெட்டியும் வேண்டாம், ஃபைபர் வரும்வரை வேறு இடத்தில் வேலை பாருங்கள்.

சரி, வரம்பில்லாத டேட்டா. நிபந்தனைகளைப் படித்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியவரும். மாதம் 1 டிபி (ஆயிரம் ஜிபி) போன்ற ஓர் அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பது ஒன்று. அளவே சொல்லாமல், நெரிசல் நேரத்தில் போன் வாடிக்கையாளருக்கு முதலிடம், வீட்டு ரவுட்டருக்குக் கடைசி இடம் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தது மூன்றாவது. என் வெள்ளைப் பெட்டி இரண்டாவது வகை, கறுப்பு முதல் வகை. கேட்டதும் வெள்ளைதானே நல்லது என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அதன் ராத்திரி நேரத்து 22க்கு நெரிசலோடு இந்தக் கடைசி இடமும் காரணம் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதே நிறுவனத்து சிம் போட்ட என் போன் அதே ஜன்னலில் அதே நிமிடத்தில் 130 காட்டியது.

1 டிபி போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், அதை அப்படியே இழுத்தால் மணிக்கு 7 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. தினமும் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 800 ஜிபிக்கு மேல். ஒரு வீட்டில் இரண்டு பெரிய டிவி, கேம் இறக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் தாண்டிவிடும். சாதாரண எச்டியில் பார்க்கிற எங்கள் வீட்டில் மாதம் 450ஐத் தாண்டியதே இல்லை, ஆகவே அந்த வரம்பு எனக்குக் காகிதத்தில் மட்டும் இருக்கிற வரம்பு. உங்கள் பழைய இணைப்பின் கணக்கிலேயே மாதப் பயன்பாடு இருக்கும், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூடவே, வரம்புக்குப் பின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் பாருங்கள். 10 எம்பிபிஎஸ் ஆகக் குறைந்தால் மாதக் கடைசியை ஓட்டிவிடலாம். 64 கேபிபிஎஸ் என்று எழுதியிருந்தால் 1 ஜிபி இறங்க முப்பத்தைந்து மணி நேரம் ஆகும். நிறுத்திவிட்டோம் என்று சொல்வதற்குப் பதிலாக அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

வாங்கியபின் பலர் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க முடியவில்லை, நண்பர்களுக்காக கேம் சர்வர் வைத்தால் யாரும் உள்ளே வர முடியவில்லை. காரணம் சிஜிநாட், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் ஏற்பாடு. ஒரு பெரிய கட்டடத்துக்கு ஒரே கதவெண், உள்ளே எந்த அறை என்று தபால்காரருக்குத் தெரியாது, அந்த மாதிரி. ரவுட்டர் பக்கத்தில் இணைய முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவே இருந்தால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். சிம் இணையத்தில் இது கிட்டத்தட்ட விதி, என் இரண்டு பெட்டிக்கும் இருந்தது. நிறுவனத்தின் மேகக் கணக்கு வழியாகப் பேசும் புது கேமராக்களுக்குப் பிரச்சினையில்லை, போர்ட் திறந்து, அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரவுட்டரில் ஒரு வாசல் விட்டுப் பார்க்கும் பழைய டிவிஆர் எனும் கேமராப் பதிவுப் பெட்டிக்குத்தான் தகராறு. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் புது முறையான ஐபிவி6 கொடுத்தால் பாதி தீரும், சில இடங்களில் கூடுதல் கட்டணத்துக்கு நிலையான முகவரி தருவார்கள். அலுவலக விபிஎன் பொதுவாக ஓடிவிடும், ஆனாலும் சோதனைக் காலத்திலேயே ஒரு முழு வேலைநாள் அதில் வேலை செய்து பாருங்கள்.

மற்றவை சில்லறை. பெட்டியைப் பதிவுசெய்த முகவரிக்கே பூட்டிவைக்கும் நிறுவனங்கள் உண்டு, ஊருக்கு எடுத்துப்போகலாம் என்ற கனவோடு வாங்காதீர்கள். நேர் வெயில் விழும் ஜன்னலில் பெட்டி சூடேறி வேகம் குறையும். மின்சாரம் போனால் ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் போதும், ஆனால் டவரில் பேட்டரி இருக்கிறதா என்பது உங்கள் கையில் இல்லை. மழையைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம், நடுத்தர அலைவரிசையில் அதன் பாதிப்பு சொற்பம், மில்லிமீட்டர் அலை என்றால்தான் கனமழையில் தெரியும்.

இரண்டு பெட்டியையும் வாங்கிப் பார்க்க எல்லோராலும் முடியாது, அதுவும் சோதனைக் காலம் தராத நிறுவனத்திடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. அப்படியென்றால் இரண்டு நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம்மையும் வாங்கி ஒரு 5ஜி போனில் போட்டு, அறை அறையாக, முக்கியமாக இரவில், சோதித்துப் பாருங்கள். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் சிக்னல் எண்கள் வரும், ஆண்ட்ராய்டில் செல்மேப்பர் போன்ற செயலிகள் காட்டும். ஒரு எச்சரிக்கை: போனுக்கு முன்னுரிமை உண்டு, ரவுட்டருக்கு இருக்காது. என் வெள்ளைப் பெட்டிக் கதையே அதுதான். ஆகவே போனில் வரும் வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், எந்த ஜன்னல், எந்த பேண்ட், சினர் எவ்வளவு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கறுப்பை வைத்துக்கொண்டேன். காலையில் மெதுவானது, வரம்பு உள்ளது, ஆனால் ராத்திரி ஒன்பதரைக்குச் சொன்னபடி நடக்கிறது. நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் என் தங்கை இதே நோட்டு முறையில் பார்த்துவிட்டு வெள்ளையை எடுத்தாள். அவள் வீட்டு மாடியிலிருந்து அந்த டவர் கண்ணுக்கே தெரிகிறது, சுற்றிலும் வீடுகள் குறைவு, இரவிலும் 250க்குக் கீழே இறங்குவதில்லை. அவள் பிள்ளைகள் இறக்குகிற கேம்களுக்குக் கறுப்பின் 1 டிபி மூன்று வாரம் தாங்காது. அவளுக்கு நான் கறுப்பைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். எனக்கு ஒரே வருத்தம், புது வீடுகள் வரவர அவள் டவரிலும் கூட்டம் சேரும். அதனால் ஒரு வருட ஒப்பந்தத்துக்குத் தள்ளுபடி கொடுத்தபோது வேண்டாம், மாதாமாதம் கட்டிக்கொள் என்றேன். இந்தத் தொழிலில் இன்றைய நல்ல செக்டர் அடுத்த வருடமும் அப்படியே இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள், நாம் மட்டும் ஏன் போட வேண்டும்?

வெள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது அடாப்டர், லேன் கம்பி, சிம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெட்டியின் அடியில் இருக்கும் சீரியல் எண் தெரிய ஒரு படம், கொடுத்ததற்கான ரசீதை ஒரு படம் எடுத்து வைத்தேன். மூன்று வாரம் கழித்து, பெட்டி வந்து சேரவில்லை என்று அதன் முழு விலைக்கும் பில் வந்தது. அந்த இரண்டு படத்தை அனுப்பினேன், மறுநாளே ரத்து செய்தார்கள்.